நாற்பத்தாறு பாட்டில்கள்

அனுப்புநர்:
மூத்த ஆய்வகப் பணியாளர்,
(ஐந்து வாரம் முன்பு வரை திசு வளர்ப்புப் பிரிவு, தற்போது பொருள் வைப்பறை),
நறுமணப் பயிர் திசு வளர்ப்பு ஆய்வகம்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
தோட்டப் பயிர்த் துறை,
தலைமை அலுவலகம், மூன்றாம் தளம்.

வழி: ஆய்வகத் தலைவர் வழியாக அனுப்பாமல் நேரடியாக அனுப்பப்படுகிறது. காரணம் பத்தி 8-இல் உள்ளது.

பொருள்: இம்மாதம் 26-ஆம் தேதி வழங்கப்படவுள்ள நாற்பதாயிரம் ஏல நாற்றுகளில் நோயுற்ற தாய்ச்செடியின் நாற்றுகள் கலந்திருப்பது – வழங்கலை நிறுத்தக் கோருதல் – அதற்குக் காரணமான பணியாளர் மீது, அதாவது என் மீது, புகார் அளித்தல் – தொடர்பாக.

பார்வை: 1. ஆய்வகத் தலைவருக்கு நான் எழுதிய இரு கடிதங்கள். 2. அவற்றுக்கு வந்த பதிலும் இரண்டு மார்க்கர் பேனாக்களும்.

மதிப்பிற்குரிய இயக்குநர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் மேசைக்கு ஒரு நாளில் எத்தனை மனுக்கள் வரும் என்பது எனக்குத் தெரியும். இதை முழுவதும் படிக்க நேரமில்லை என்றால் பத்தி 9-ஐயும் 11-ஐயும் மட்டுமாவது படித்துவிடுமாறு முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

1. நான் இந்த ஆய்வகத்தில் பதினேழு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். ஏலச்செடியின் குருத்தைப் பாட்டிலுக்குள் வளர்த்துப் பெருக்குவது என் வேலை. நல்ல தாய்ச்செடி ஒன்றின் குருத்தை நகத்தளவுக்கு நறுக்கி, சத்துக் கலந்த கூழில் ஊன்றினால் ஆறு வாரத்தில் அதன் பக்கத்தில் புதுக் குருத்துகள் கிளம்பும். அவற்றைப் பிரித்து வேறு பாட்டில்களில் ஊன்றுவோம். இதற்கு மறுவளர்ப்பு என்று பெயர். ஒன்று மூன்றாகும், மூன்று ஒன்பதாகும். ஐந்து முறை செய்தால் ஒரு குருத்து இருநூற்று நாற்பத்து மூன்றாகிவிடும். பிறகு வேர் விடச் செய்து, வெளிக்காற்றுக்குப் பழக்கி, குழித்தட்டுகளில் வைத்து விவசாயிகளுக்குக் கொடுக்கிறோம்.

2. கடந்த ஆண்டு எங்களிடம் இரண்டு தாய்ச்செடிகளின் பாட்டில்கள் இருந்தன. ஒன்று தாய்ச்செடி நான்கு, மற்றது தாய்ச்செடி ஒன்பது. இரண்டும் பார்வைக்கு நன்றாக இருந்தன. ஆனால் இலைப் பரிசோதனை முடிவு வந்தபோது, ஒன்பதில் தேமல் நோயின் நச்சுயிரி இருப்பது தெரிந்தது. ஒன்பதின் நாற்பத்து நான்கு பாட்டில்களையும் அழிக்க வேண்டும் என்று அன்றே குறிப்பு எழுதி மேலே அனுப்பினோம். பாட்டிலை அழிப்பதற்கும் உத்தரவு வேண்டும் என்பது விதி. அந்த உத்தரவு வர பதினொரு மாதம் ஆயிற்று. அதுவரை அந்தப் பாட்டில்கள் வளர்ப்பறையின் அடித்தட்டில் அப்படியே இருந்தன. இதைக் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

3. கடந்த ஆண்டு இதே மாதத்தில் ஒரு நாள் பகலில் மின்சாரம் போய், வளர்ப்பறையின் குளிர்சாதனமும் நின்றது. உள்ளே வெப்பம் ஏறினால் குருத்துகள் வெந்துவிடும் என்பதால், கைக்குக் கிடைத்த தட்டுகளில் உள்ள பாட்டில்களை எல்லாம் தள்ளுவண்டியில் ஏற்றி, வடக்குப் பக்கத்து அறைக்கு மாற்றினோம். அவசரத்தில் அடித்தட்டுப் பாட்டில்களில் சிலவும் அதே வண்டியில் ஏறிவிட்டன. யார் ஏற்றியது என்று இப்போது கேட்டுப் பயனில்லை. நானும்தான் ஏற்றினேன்.

4. மறுநாள் காலை தாய்ச்செடி நான்கின் நாற்பது பாட்டில்களுக்கு மறுவளர்ப்பு. எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. காற்று வடிகட்டும் பெட்டிக்குள் எது போனாலும், பாட்டிலோ இடுக்கியோ எங்கள் கையோ, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்த பிறகே போக வேண்டும். பதினேழு ஆண்டுகளில் லட்சக்கணக்கான பாட்டில்களை இப்படித் துடைத்திருப்பேன். துடைக்கும்போது கண் பாட்டிலில் இருக்காது, பக்கத்தில் இருப்பவளின் பேச்சில் இருக்கும். அந்த மாதம்தான் பாட்டிலில் எண் எழுதும் மார்க்கர் பேனாவை வேறு வகைக்கு மாற்றியிருந்தார்கள். புதுப் பேனாவின் மை ஸ்பிரிட் பட்டால் நிற்காது. நான் இதைக் கவனித்தபோது பஞ்சு நீலமாகியிருந்தது, இருபத்திரண்டு பாட்டில்களில் எண் போயிருந்தது.

5. பெயரில்லாத பாட்டிலைத் திறக்கவே கூடாது, நேராக அழுத்தக் கொதிகலனில் போட்டு அவித்துவிட வேண்டும் என்பது விதி. இந்த விதியைப் புதிதாக வருபவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பது நான்தான். அன்று நான் அதைச் செய்யவில்லை. பாட்டில்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்து, இருபத்திரண்டிலும் "நான்கு" என்று திரும்ப எழுதினேன். அதற்கு அடுத்த மாதங்களில் ஐந்து மறுவளர்ப்புகள் முடிந்து, இன்று நிழல்வலைக் கூடத்தில் நாற்பதாயிரம் நாற்றுகள் நிற்கின்றன.

6. ஏழு வாரம் முன்பு ஒன்பதை அழிக்கும் உத்தரவு வந்தது. பதிவேட்டில் நாற்பத்து நான்கு. தட்டில் எண்ணினால் முப்பத்தெட்டு. மூன்று முறை எண்ணினேன், முப்பத்தெட்டுதான். நேராகப் பாட்டில் கழுவும் அம்மாவிடம் போனேன். குளிர்சாதனம் நின்றதற்கு மறுநாள் எத்தனை பாட்டில் கழுவப் போட்டோம் என்று நினைவிருக்கிறதா என்று கேட்டேன். ஓராண்டுக்கு முந்தைய விஷயத்தை இப்படிக் கேட்டதற்கு அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே தருகிறேன்: "மறக்குமா? உலர்த்துற பலகையில நாப்பது ஓட்டைதான் இருக்கு. ஆறு மிச்சமாச்சு. சன்னல் மேல வெச்சேன். காத்துல ஒண்ணு விழுந்து உடைஞ்சதுக்கு என்கிட்ட கையெழுத்து வாங்கினாங்களே, அதை எப்படி மறப்பேன்?"

7. உடைவுப் பதிவேட்டைப் புரட்டினேன். அந்த நாளில் அந்தப் பதிவு இருக்கிறது: "உலர்த்தும் பலகையில் இடம் போதாமல் சன்னலில் வைத்த ஆறு பாட்டில்களில் ஒன்று விழுந்து உடைந்தது." கீழே அவர் கையெழுத்து. அன்று ஆய்வகத்தில் வேறு எந்த வேலையும் நடக்கவில்லை. ஆகவே நான் திறந்தது நாற்பது அல்ல, நாற்பத்தாறு. மிகுந்த ஆறும் ஒன்பதினுடையவை. காலிப் பாட்டில்களை எங்களில் யாரும் எண்ணுவதில்லை. கழுவுகிற ஒருவர்தான் எண்ணுகிறார், அவரிடம் யாரும் கேட்பதில்லை. நாற்பத்தாறில் ஆறு என்றால் நாற்பதாயிரத்தில் ஐயாயிரத்துக்குக் குறையாது. எந்த ஐயாயிரம் என்று எனக்கும் தெரியாது. ஐந்து முறை பிரித்து ஊன்றியதில் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிட்டன.

8. அன்றே ஆய்வகத் தலைவருக்குக் கடிதம் எழுதினேன். அதில் புதுப் பேனாவின் மை அழிவதையும், அதனால் நாற்றுகளின் அடையாளத்தில் ஐயம் இருப்பதையும் விளக்கியிருந்தேன். நான்காம் நாள் பதில் வந்தது: "தங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டு, மை அழியாத பேனா இரண்டு வழங்கப்பட்டுள்ளது. கோப்பு முடிக்கப்படுகிறது." பேனாக்களும் உறையில் இருந்தன. இரண்டாம் கடிதத்தில் உடைவுப் பதிவேட்டைக் குறிப்பிட்டேன். பாட்டில் கழுவுபவரின் கணக்கு தொழில்நுட்பச் சான்று ஆகாது என்று வாய்மொழியாகப் பதில் கிடைத்தது. நான் விடாமல் அறை வாசலில் போய் நின்றபோது அவர் தலையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஏம்மா, அன்னைக்கு நாலுன்னு எழுதினதும் நீதான், இன்னைக்கு நாலு இல்லேங்கறதும் நீதான். நான் எந்த உன்னை நம்பறது?" அடுத்த வாரம் என்னைப் பொருள் வைப்பறைக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது பஞ்சுக் கட்டுகளையும் காலி மூடிகளையும் எண்ணி எழுதுகிறேன். ஆய்வகத் தலைவர் கெட்டவர் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். என் மகளுக்குக் காய்ச்சல் முற்றியபோது தன் காரிலேயே மருத்துவமனைக்கு ஏற்றிப் போனவர் அவர். இரண்டு மாதத்தில் ஓய்வு பெறுகிறார். நாற்பதாயிரம் நாற்று அவருடைய கடைசி வேலை. அதைத் தன் வாயாலேயே எரிக்கச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

9. இந்தப் பத்தியில் உள்ளதை இதுவரை நான் யாருக்கும் எழுதவில்லை. ஆய்வகத்தில் எனக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். எண்ணைப் பார்க்காமலே பாட்டிலைத் தூக்கிப் பார்த்து, இது எந்தத் தாயின் குருத்து, யார் நறுக்கியது என்று சொல்லிவிடுவேன். பத்துக்கு ஒன்பது முறை சரியாகவே இருக்கும். "பூதக்கண்ணாடி அக்கா பாத்துட்டாங்கன்னா பரிசோதனையே வேண்டாம்" என்று பிள்ளைகள் கேலியாகச் சொல்லும்போது நான் கோபப்படுவதுபோல் நடிப்பேன். உள்ளுக்குள் எனக்கு அது தேன்போல் இனிக்கும். அன்று காலை இருபத்திரண்டு பாட்டில்களை வெளிச்சத்தில் தூக்கியபோது நான்கு பெண்கள் என்னைச் சுற்றி நின்று என் வாயைப் பார்த்தார்கள். ஆறு பாட்டில்களில் குருத்தின் அடிப்பகுதி சற்றுச் சிவந்திருந்தது. நான்கின் குருத்து அப்படிச் சிவக்காது, எனக்குத் தெரியும். பார்த்தேன். முந்தைய நாள் வெப்பம் பட்டதால் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். "எனக்குத் தெரியவில்லை" என்ற இரண்டு வார்த்தை வாயில் வரவில்லை. பேனாவை வாங்கி நான்கு, நான்கு என்று எழுதிக்கொண்டே போனேன். ஆகவே தவறு பேனாவில் இல்லை. பேனா அழித்தது எண்ணை மட்டும், பொய்யை எழுதியது நான். முதல் கடிதத்தில் நான் பேனாவைக் குற்றம் சொன்னேன், அலுவலகம் பேனா கொடுத்தது. கேட்டதைத்தான் கொடுத்தார்கள். அதில் அவர்கள் பிழை ஒன்றும் இல்லை.

10. நாற்று வாங்குவோர் பட்டியலில் எண்பத்து நான்கு பேர் இருக்கிறார்கள். முப்பத்தொன்றாம் இடத்தில் இருப்பவர் என் உடன்பிறந்த அக்கா. தன் பெயரை மனுவில் போடக் கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லியிருப்பதால் எண்ணை மட்டும் தெரிவிக்கிறேன். அவரும் அத்தானும் பழைய ஏலத்தூர்களை வேரோடு பிடுங்கிவிட்டு அறுநூறு குழிகள் வெட்டி, மக்கிய உரம் போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு வேறு நிலம் கிடையாது. அதே சரிவில் கீழே இருக்கும் ஆறு வீட்டாரும் அக்கா சொன்ன ஒரே சொல்லை நம்பிப் பட்டியலில் சேர்ந்தவர்கள். நேரில் போய், வாங்க வேண்டாம் என்றேன். அக்கா கேட்டது இது: "என் தங்கச்சி கையால வளர்த்ததுன்னுதானடி ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கேன். இப்ப நீயே வேண்டாம்னா நான் யார் மூஞ்சில முழிக்கிறது? சர்க்காரே குடுக்குது, நீ என்ன சர்க்காருக்கு மேல பெரிய ஆளா?" நான் சர்க்காருக்கு மேல் பெரிய ஆள் இல்லை. அதனால்தான் தங்களுக்கு எழுதுகிறேன். நான் சொன்னால் அது தங்கை சொன்ன பேச்சு, தாங்கள் சொன்னால்தான் உத்தரவு.

11. இதில் உள்ள ஆபத்தை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். இந்த நோய் நாற்றில் சரியாகத் தெரியாது. செடி வளர்ந்து, இளந்தளிரில் வெளிறிய கோடு ஓடி, ஆண்டுக்கு ஆண்டு தூர் மெலிந்து, காய் பிடிக்கும் பருவத்தில் ஒன்றும் இல்லாமல் போகும். மருந்து கிடையாது, பிடுங்கி எரிப்பதுதான் ஒரே வழி. அசுவினிப் பூச்சி இந்தச் செடியில் உறிஞ்சிய வாயோடு அடுத்த செடிக்குப் போகும். அதற்கு வேலி தெரியாது, பட்டியலில் பெயர் இருக்கிறதா என்றும் பார்க்காது. நிழல்வலைக் கூடத்தில் பதினொரு தட்டுகளில் ஏற்கெனவே வெளிறிய கோடுகள் வந்துவிட்டன. நாற்றுக் கூட மேற்பார்வையாளர் அதை இரும்புச் சத்துக் குறை என்று எழுதி, தெளிப்பு அடித்திருக்கிறார். தெளித்து மூன்று வாரம் ஆகியும் கோடு மறையவில்லை. மதிய உணவு இடைவேளையில் போய் நானே பார்த்தேன். பொருள் வைப்பறைப் பணியாளருக்கு அங்கே வேலை இல்லை என்று காவலர் என்னை வெளியே அனுப்பினார். அவர் தன் கடமையைச் செய்தார்.

12. எனவே தங்களிடம் பின்வருவனவற்றை வேண்டுகிறேன்.

அ) 26-ஆம் தேதி வழங்கலை உடனே நிறுத்தி வைக்க வேண்டும். ஒரு தட்டுகூட வாசலைத் தாண்டக் கூடாது.

ஆ) நூறு தட்டுகளிலிருந்து, கோடு விழுந்த பதினொன்றையும் சேர்த்து, இலை எடுத்து நச்சுயிரிப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். பரிசோதனைக் கூடம் எங்கள் பக்கத்துக் கட்டடத்தில்தான் இருக்கிறது. ஒன்பது நாளில் முடிவு வரும். இன்று தேதி 15. தங்கள் கையெழுத்து இரண்டு நாளுக்குள் கிடைத்தால் போதும். மூன்று நாள் ஆனால் போதாது.

இ) நோய் இருப்பது உறுதியானால் நாற்பதாயிரத்தையும் எரிக்க வேண்டும். தாய்ச்செடி நான்கு இன்னும் நன்றாகவே இருக்கிறது. அதிலிருந்து முதலிலிருந்து தொடங்கினால் ஓராண்டில் மறுபடி நாற்று தரலாம். குழிகள் ஓராண்டு காத்திருக்கும். நோய் மண்டிய தோட்டத்தில் மறுபடி நடவு செய்ய அதைப்போல் பல மடங்கு காலம் ஆகும்.

ஈ) பட்டியலில் உள்ள எண்பத்து நான்கு பேருக்கும் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். "நிர்வாகக் காரணங்களால்" என்று மட்டும் எழுதிவிட வேண்டாம். காரணம் நான் என்று எழுதலாம். முப்பத்தொன்றாம் எண்ணுக்கு அனுப்பும் கடிதத்திலும் அப்படியே எழுதலாம். அதைப் படித்தால் அக்கா என்னோடு எத்தனை நாள் பேசாமல் இருப்பார் என்று தெரியாது. ஆனால் அவர் குழிகள் தப்பும்.

உ) என் மீது துறை விசாரணை நடத்த வேண்டும். பாட்டில் கழுவும் அம்மா மீதோ, அன்று என்னைச் சுற்றி நின்ற நான்கு பெண்கள் மீதோ எந்த நடவடிக்கையும் கூடாது. அவர்கள் என்னை நம்பியது தவிர வேறு தவறு செய்யவில்லை.

13. பரிசோதனையில் நோய் இல்லை என்று வந்தால் என்ன செய்வது என்று தாங்கள் கேட்கலாம். அப்போது வீண் பீதி கிளப்பியதற்காக என்னை வேலையை விட்டே நீக்கலாம். மறுப்பு ஏதும் சொல்லாமல் கையெழுத்திடுகிறேன். அன்று என்னைவிட மகிழ்ச்சியாக இந்த ஊரில் யாரும் இருக்க மாட்டார்கள். எந்த உன்னை நம்புவது என்று ஆய்வகத் தலைவர் கேட்ட கேள்விக்கும் இங்கேயே பதில் தருகிறேன். இருவரையும் நம்ப வேண்டாம், இலையைப் பரிசோதித்து அது சொல்வதை நம்புங்கள்.

14. சென்ற மாதம், இந்த நாற்பதாயிரம் நாற்றுகளை உருவாக்கியதற்காக எனக்குச் சிறந்த பணியாளர் பாராட்டுச் சான்றிதழ் வந்தது. தங்கள் கையொப்பம் இட்டது. நான் பொருள் வைப்பறைக்கு மாற்றப்பட்ட செய்தி தலைமை அலுவலகத்துக்கு வந்து சேருவதற்குள் சான்றிதழ் அச்சாகிவிட்டது போலும். என் மகள் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டலாம் என்றாள். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாள். அன்றுதான் இந்த மனுவை எழுதத் தொடங்கினேன். சான்றிதழைத் திருப்பி அனுப்புவதை அவமதிப்பாகக் கருத வேண்டாம்.

இத்தனை பெரிய மனுவைப் பொறுமையோடு படித்ததற்கு நன்றி. தங்கள் ஒரு கையெழுத்துக்காக எண்பத்து நான்கு தோட்டங்கள் காத்திருக்கின்றன என்பதை மீண்டும் ஒருமுறை பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இடம்: பொருள் வைப்பறை
நாள்: 15, வழங்கலுக்கு இன்னும் பதினொரு நாள்

தங்கள் உண்மையுள்ள பணியாளர்,
(ஒப்பம்)
மூத்த ஆய்வகப் பணியாளர்

இணைப்புகள்:

1. உடைவுப் பதிவேட்டின் குறிப்பிட்ட பக்கத்தின் நகல்.

2. ஒன்பதின் பாட்டில் கணக்கு: பதிவேட்டில் 44, தட்டில் 38.

3. பாராட்டுச் சான்றிதழ், மடிக்காமல்.

4. காலிப் பாட்டில் ஒன்று. ஸ்பிரிட்டில் மை அழியும் அந்தப் பேனாக்களில் எஞ்சிய ஒன்றால் அதன் மேல் "நான்கு" என்று எழுதி, கீழே என் கையொப்பமும் போட்டிருக்கிறேன். சிறு பஞ்சும் கொஞ்சம் ஸ்பிரிட்டும் கூடவே வைத்திருக்கிறேன். தாங்களே ஒருமுறை துடைத்துப் பார்க்க வேண்டுகிறேன். இரண்டும் போய்விடும். காகிதத்தில் மேலே போட்டிருக்கும் கையொப்பம் மை அழியாத பேனாவால் போட்டது, போகாது. நாற்று வாங்க வருபவர்கள் யாராவது இதற்கு யார் பொறுப்பு என்று கேட்டால் அதைக் காட்டுங்கள்.